ரயில்பூச்சியின் நெசப் பேரு

மொதல்ல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன், அப்புறம் விஷயத்துக்கு வர்றேன்.

ஐப்பசி மழை நேரத்துல ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கரிவலம்வந்தநல்லூர். ஆபீஸ்ல யார்கிட்ட சொன்னாலும் "இன்னொரு தடவை சொல்லுங்க"ம்பாங்க. சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவுல, பால்வண்ணநாதர் கோயில் இருக்கிற ஊர். கரி, அதாவது யானை, சாமியை வலம் வந்த நல்லூர். பேரைப் பிரிச்சாலே ஊரோட கதை வந்துடும். பேருக்கு அந்த சக்தி உண்டு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பொதிகையில வந்து சங்கரன்கோவில்ல இறங்கி, பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்தா, முத்தத்துல அக்கா பொண்ணு குத்த வச்சு உக்காந்திருக்கா. எதிர்ல செங்கல் கலர்ல ஒரு ரயில்பூச்சி போய்க்கிட்டிருக்கு.

"மாமா, இதுக்குப் பேரு என்ன?"

"ரயில்பூச்சி."

"அது எனக்கே தெரியும். நெசப் பேரு?"

"மரவட்டை."

"கறுப்பா பெருசா வருமே, அதையும் மரவட்டைன்னுதான சொல்லுதிய? இதுக்கு மட்டும் உள்ள பேரு என்ன?"

உள்ளேர்ந்து ஆச்சி சத்தம் போட்டாங்க. "ஏட்டி, அதத் தொடாத, கை நாறும்!" ஏற்கனவே தொட்டாச்சு. விரல் நுனியில காப்பிக் கறை மாதிரி ஒரு பழுப்பு. ரெண்டு நாளைக்கு அது போகல.

நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சு, அதுக்கு மேல ஆறு வருஷமா பொட்டி தட்டுறேன். பத்து வயசுப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல. போட்டோ எடுத்து நெட்ல தேடினா, மூணு எடத்துல மூணு பேரு வந்துச்சு. சரி, நெசப் பேருன்னா என்ன, அதை யாரு வைக்கிறா, நம்ம பக்கத்து மலைகள்ல இருக்கிறதுக்கெல்லாம் யாரு வச்சான்னு தோண்ட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் தூக்கம் போச்சு. அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :-)

பூரான் வேற, மரவட்டை வேற. பூரானுக்கு ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால். வேட்டையாடும், கடிக்கும். மரவட்டைக்கு, தலைக்குப் பின்னாடி இருக்கிற முதல் சில வளையங்களை விட்டுட்டா, ஒவ்வொரு வளையத்துக்கும் ரெண்டு ஜோடி. கடிக்காது. உதிர்ந்த இலையையும் மக்கின மரத்தையும் தின்னு மண்ணாக்கும். அதுக்கு இருக்கிற பாதுகாப்பெல்லாம் உடம்போட பக்கவாட்டுல கசியற ரசாயனம்தான். சில வகையில அது குயினோன், அதான் அக்கா பொண்ணு விரல்ல ஒட்டின கறை. வேற சில வகையில ஹைட்ரஜன் சயனைடே வரும், கூடவே பாதாம் வாசனையும்.

இங்கிலீஷ்காரன் இதுக்கு ஆயிரம் கால்னு அர்த்தம் வர்ற பேரை வச்சான். ஆனா நெசமாவே ஆயிரத்தைத் தாண்டின மரவட்டையை 2021ல தான் விவரிச்சாங்க. மேற்கு ஆஸ்திரேலியாவுல சுரங்கத்துக்காகத் துளை போட்ட எடத்துல, 60 மீட்டர் ஆழம் வரைக்கும் கிடைச்ச ஒரு வெளிறின பூச்சி. 1306 கால். அது வரைக்கும் அந்தப் பேரு வெறும் பில்டப்புதான்!

இப்ப வரலாறு. விலங்குகளுக்கு ரெட்டைப் பேர் வைக்கிற முறைக்கு அதிகாரபூர்வ தொடக்கம் 1758. லின்னேயஸ் தன்னோட புத்தகத்தின் பத்தாவது பதிப்புல மரவட்டைகளைக் கிட்டத்தட்ட எல்லாம் 'யூலஸ்'னு ஒரே பேரினத்துல போட்டார். நம்ம ஆச்சி மாதிரிதான் அவரும், எல்லாமே மரவட்டை. இன்னிக்கு உலகத்துல பேரு வச்ச மரவட்டை இனங்கள் சுமார் 12,000. பேரு வைக்காதது அதைவிடப் பல மடங்கு இருக்கும்னு நம்பறாங்க.

பேரு வைக்கிற வேலை எப்படி நடக்குதுன்னு படிச்சப்ப எனக்கு ஆபீஸ்ல பக் பதிவு பண்றதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஒரு பக்கைப் புதுசுன்னு பதியணும்னா முதல்ல பழசு அத்தனையும் பார்க்கணும். ஏற்கனவே எவனாவது பதிஞ்சிருந்தா உன்னோடது 'டூப்ளிகேட்'னு மூடிடுவாங்க. விலங்கியல்லயும் அதே சட்டம். யாரு முதல்ல அச்சுல விவரிச்சானோ அவன் வச்ச பேருதான் நிக்கும். ஆனா அங்க பழைய பதிவுகள் 260 வருஷத்துக்கு மேல பரவிக் கிடக்கு, ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் லத்தீன்லயும். இதுல ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பதிலா ஒரு செத்த பூச்சி. எந்த ஒரு உடலைப் பார்த்து பேரு வச்சானோ, அந்த உடலை ஒரு மியூசியத்துல சாராயப் புட்டியில போட்டு வைக்கணும். அதுதான் மூல மாதிரி. நாளைக்குச் சந்தேகம் வந்தா எல்லாரும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியது அந்தப் புட்டியைத்தான்.

நம்ம பக்கத்து மரவட்டைகளோட புட்டிகள் எங்க இருக்கு? அங்கதான் கதை ஆரம்பிக்குது.

1865ல ஜெனீவாவைச் சேர்ந்த அலோய் ஹம்பேர் இலங்கையோட மரவட்டை, பூரான் வகைகளைப் பத்தி பிரெஞ்சுல ஒரு நீண்ட கட்டுரை போட்டார். அதுல ஒண்ணு, தொட்டா கோலிக்குண்டு மாதிரி உருண்டுக்கிற பெரிய மரவட்டை. வால்பாறை பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க. ஒரு தடவை ஆபீஸ் டூர்ல போனப்ப வழியில கிடந்த பளபளன்னு ஒரு உருண்டையை ஏதோ விதைன்னு எடுத்துட்டு, அது கையிலயே விரிஞ்சு நடக்க ஆரம்பிச்சதும் அலறினவன் நான். ஹி ஹி. ஹம்பேர் தன்னோட உருண்டைக்கு 'பிராண்டியை'ன்னு இனப்பேர் வச்சார். இந்தப் பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்தது ரெஜினால்ட் இன்னஸ் போகாக். பிரிட்டிஷ் மியூசியத்துல தேள், சிலந்தி, மரவட்டைன்னு யாருக்கும் பிடிக்காததையெல்லாம் கவனிச்சுக்கிட்டவர். பின்னாடி 1904லிருந்து 1923 வரைக்கும் லண்டன் மிருகக்காட்சி சாலையோட கண்காணிப்பாளர். இந்த உருண்டைகளுக்கு 'ஆர்த்ரோஸ்ஃபேரா'ங்கிற பேரினத்தை 1895ல உருவாக்கினார். 1899ல இந்தியா, இலங்கை, பர்மா உருண்டை மரவட்டைகள் எல்லாத்தையும் சேர்த்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோட இதழ்ல தொகுத்தார். அதுல வர்ற இனப்பேர்களைப் பாருங்க. ஒண்ணு 'தர்ஸ்டனி'. மெட்ராஸ் மியூசியத்தோட எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய சாதிகளையும் குடிகளையும் பத்தி ஏழு தொகுதி போட்டாரே, அவரேதான். இன்னொண்ணு 'ராட்டனி', ராட்டன்ங்கிற வனத்துறை அதிகாரி பேர்ல.

இந்த எடத்துல எனக்கு ஒரு மனக்குறை. மழைக்காட்டுல இலைச்சருகைக் கிளறி, உருண்டையைப் பொறுக்கி, புட்டியில போட்டு மலையிறக்கிக் கொண்டு வந்த கைகள்ல நம்மாளுங்க கையும் இருந்திருக்கும்தானே? அந்தப் பேர் ஒண்ணுகூட இந்தப் பட்டியல்ல என் கண்ணுல படல. ஒரு முருகனி, ஒரு மாடசாமியை இல்ல. போகாக் கெட்டவர்னு சொல்ல வரல. அவர் கைக்கு வந்த புட்டியில இருந்த சீட்டு என்ன சொல்லுச்சோ அதைத்தான் அவர் பார்த்திருப்பார். சீட்டுல யாரு பேரு எழுதறதுன்னு முடிவு பண்ணினது வேற எடத்துல.

ஆனா பேரு வச்சதால என்ன பிரயோஜனம்னு கேட்டா, அதே போகாக், அதே 1899ல செஞ்ச இன்னொரு வேலையைச் சொல்லணும். ஆந்திராவுல கூட்டி ரயில்வே மரக்கிடங்குல ஒரு நீலநிறப் பெரிய சிலந்தி கிடைச்சுது. ஒத்தைச் சிலந்தி. அதை வச்சு 'பீசிலோதேரியா மெட்டாலிகா'ன்னு பேரு வச்சார். அப்புறம் நூறு வருஷம் அந்தச் சிலந்தியைப் பத்திப் பேச்சே இல்ல. 2001ல அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவுல இருக்கிற காட்டுல மறுபடி கண்டுபிடிச்சாங்க. கூட்டிக்கு அது விறகுக் கட்டையோட ரயிலேறி வந்திருக்கலாம். இன்னிக்கு அது அழிவின் விளிம்புல இருக்கிற இனம்னு உலகப் பட்டியல்ல இருக்கு. பேரு மட்டும் இல்லேன்னா அது காணாமப் போச்சுன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பேரு இருந்தாத்தான் ஒண்ணைத் தேட முடியும். காணலைன்னு புகார் கொடுக்கணும்னாலும் போலீஸ் ஸ்டேஷன்ல முதல்ல கேக்கறது பேரைத்தானே?

சரி, மறுபடி மரவட்டை. 1926-27ல ஜெனீவா மியூசியத்துலேர்ந்து ழான் கார்ல், எஷர்ங்கிற இன்னொருத்தரோட தென்னிந்தியா வந்தார். நீலகிரி, பழனி மலை, ஆனைமலைன்னு சோலைக்காடுகள்ல சுத்தினார். அதுல கிடைச்ச மரவட்டைகளை விவரிக்க அவருக்கு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? முதல் பாகம் 1932ல, ரெண்டாம் பாகம் 1941ல. ரெண்டுமே ஜெர்மன்ல, ஒவ்வொண்ணும் நூறு பக்கத்துக்கு மேல. ரெண்டாவது வந்தப்ப சுத்தி உலகப்போர் நடந்துக்கிட்டிருக்கு. இடையில 1936ல வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அட்டெம்ஸ் 'இந்தியாவின் மரவட்டைகள்'ங்கிற அர்த்தத்துல ஒரு பெரிய தொகுப்பை எழுத, கல்கத்தா இந்தியன் மியூசியம் வெளியிட்டுச்சு.

ஒரு பூச்சியைப் பார்த்து எழுத ஏன் இத்தனை வருஷம்? ஏன்னா மரவட்டையை மேலேர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. நிறமும் நீளமும் ஏமாத்தும். பெரும்பாலான வகைகள்ல ஆண் பூச்சியோட ஏழாவது வளையத்துக் கால்கள் நடக்கறதுக்கு இல்ல, இணை சேர்றதுக்குன்னே உருமாறினது. சாவி மாதிரி கொக்கியும் வளைவுமா இருக்கும். இனத்துக்கு இனம் அந்தச் சாவி மாறும். உருண்டை மரவட்டைக்கு கடைசிக் கால்கள். அதை மைக்ராஸ்கோப்புக்குக் கீழ பிரிச்செடுத்து, படம் வரைஞ்சு, முன்னாடி எழுதினவங்க வரைஞ்ச படத்தோட ஒவ்வொண்ணா ஒப்பிடணும். பெண் பூச்சியோ குட்டியோ மட்டும் கிடைச்சுதுன்னா பல சமயம் கதை அங்கேயே முடிஞ்சுது.

இனி நாம ஆப்பிரிக்காவுக்குப் போகணும். திடீர்னு ஏன் ஆப்பிரிக்கான்னு கேக்காதீங்க, நம்ம ஆளு ஒருத்தன் அங்க போயிருக்கான்!

தான்சானியாவுல உசாம்பரா, உலுகுரு, உட்சுங்குவான்னு வரிசையா மலைகள். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரியே கடல்காத்தைப் புடிச்சு மழையாக்குற ஈரக் காடுகள், கீழ சுத்தி வறண்ட சமவெளி. மரவட்டையால வெயில்ல சமவெளியைத் தாண்டிப் பக்கத்து மலைக்கு நடக்க முடியாது. அதனால ஒவ்வொரு மலையும் அதுக்கு ஒரு தீவு. தீவுக்குத் தீவு இனம் மாறும். கோபன்ஹேகன் மியூசியத்தோட ஹென்ரிக் எங்காஃப் இந்தக் காட்டு மரவட்டைகளை வாழ்நாளெல்லாம் விவரிச்சவர். உட்சுங்குவா மலைக்குன்னே 2014லிருந்து 'மரவட்டைகளின் மலை'ன்னு ஒரு கட்டுரை வரிசையே போட ஆரம்பிச்சார். அந்த மலையை விட்டா வேற எங்கேயும் இல்லாத இனங்கள் கொத்துக் கொத்தா.

இவர் கைக்கு 1970களின் பிற்பகுதியில உசாம்பராவிலேர்ந்து ஒரு உருண்டை மரவட்டை வந்துச்சு. இது பெரிய விஷயம். ஏன்னா இந்தப் பெரிய உருண்டைகள் ஆப்பிரிக்கக் கண்டத்தோட தென்பகுதி, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு பரவிக் கிடக்கிற பழைய கூட்டம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஆப்பிரிக்காவுல கிடையாது. இல்லாத எடத்துல ஒண்ணு கிடைச்சா? புது இனம்னு பேரு வச்சிருக்கலாம். பேரும் புகழும் வந்திருக்கும். நானா இருந்தா வச்சிருப்பேன் :-)

அவர் வைக்கல. ஒப்பிட்டார். அது ஆப்பிரிக்க உருண்டை மாதிரியே இல்ல, நம்ம பக்கத்து ஆர்த்ரோஸ்ஃபேரா. அதுலயும் ஹம்பேர் 1865ல இலங்கையிலேர்ந்து விவரிச்ச பிராண்டியைக்குக் கிட்ட வருது. அதனால பேரினத்துக்கும் இனப்பேருக்கும் நடுவுல 'சி.எஃப்.'னு ரெண்டெழுத்து போட்டு, அநேகமா இலங்கையிலேர்ந்து வந்து சேர்ந்ததுன்னு எழுதி முடிச்சார். ரெண்டு மூணு பக்கம்தான் கட்டுரை. அந்த ரெண்டெழுத்து ஒரு லத்தீன் சொல்லோட சுருக்கம், அர்த்தம் 'ஒப்பிடுக'. அதுவேதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், வேறன்னும் சொல்ல மாட்டேன், நீயும் பக்கத்துல வச்சுப் பாருன்னு அர்த்தம்.

எப்படிப் போயிருக்கும்? என் ஊகம் இது. உசாம்பராவுல அமானிங்கிற எடத்துல ஜெர்மன்காரங்க 1902ல ஒரு ஆராய்ச்சி நிலையமும் பெரிய தாவரத் தோட்டமும் தொடங்கினாங்க. வெப்ப நாடுகள் எல்லாத்துலேர்ந்தும் பணப்பயிர் நாத்துகளை இறக்கினாங்க. ஏதோ ஒரு நாத்தோட வேர் மண்ணுல நம்ம ஆளு உருண்டுக்கிட்டு டிக்கெட் இல்லாமக் கப்பலேறியிருக்கலாம். ஒரு மலைக்காட்டை வெட்டித் தோட்டம் போட்ட அதே கைகள், இன்னொரு மலையோட மரவட்டையைக் கொண்டு போய் அங்க விட்டிருக்கு.

எனக்கு உறைச்சது இதுதான். எங்காஃபால அதைக் கண்டுபிடிக்க முடிஞ்சதுக்குக் காரணம், ஹம்பேர் நூறு வருஷத்துக்கு முன்னாடி பேரு வச்சு விவரிச்சு வச்சதுதான். அது இல்லேன்னா நம்ம பூச்சி ஆப்பிரிக்கப் பூச்சியா ஒரு புதுப் பேரோட உலகப் பட்டியல்ல ஏறியிருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. நம்ம மலையில இன்னும் பேரு வைக்காத மரவட்டை எத்தனை? ஒரே ஒரு சோலையில மட்டும் இருக்கிற இனம், அந்தச் சோலை தேயிலையா, யூகலிப்டஸா, வாட்டிலா மாறினப்ப போயிருந்தா, போனதுக்கு ஆதாரமே இருக்காது. புலி செத்தா செய்தி. பேரில்லாதது செத்தா அது செத்ததே இல்ல, ஏன்னா கணக்குல அது பொறக்கவே இல்ல.

அதுக்காகப் புட்டியெல்லாம் வெளிநாட்டுக்குப் போச்சேன்னு ஒப்பாரி வைக்கவும் எனக்கு மனசில்ல. போன புட்டிகள் பத்திரமா இருக்கு, அது ஒரு நல்லது. ஆனா நம்ம ஊர் மாணவன் ஒருத்தன் தன் மலை மரவட்டைக்குப் பேரு வைக்கணும்னா ஜெனீவாவையும் வியன்னாவையும் லண்டனையும் கேக்கணும், அது கஷ்டம். 2002ஆம் வருஷ உயிரியல் பன்மைச் சட்டத்துக்கு அப்புறம், இங்க கண்டுபிடிக்கிற புது இனத்தோட மாதிரியை இங்கேயே அங்கீகரிச்ச காப்பகத்துல வைக்கணும். 1916ல தொடங்கின இந்திய விலங்கியல் ஆய்வகம் அதுல ஒண்ணு, சென்னையிலும் அதுக்குக் கிளை உண்டு.

2016ல மாஸ்கோவோட செர்கேய் கோலவாட்சும் பான் நகரத்து தாமஸ் வெஸனரும் சேர்ந்து இந்திய மரவட்டைகளோட முழுப் பட்டியலைப் போட்டாங்க. மொத்தம் 270 இனம். இவ்ளோ பெரிய நாட்டுக்கு 270 ரொம்பக் கம்மி. அதுக்கப்புறம் கேரளாவுல இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரிக்காரங்க மேற்குத் தொடர்ச்சி மலையிலேர்ந்து புது இனங்களை விவரிச்சுக்கிட்டிருக்காங்க. மங்களூர் பல்கலைக்கழகத்துல உருண்டை மரவட்டையை வச்சு தோட்டக் கழிவை உரமாக்கிப் பார்த்திருக்காங்க. மலைக்கு அந்தப் பக்கம் வேலை நடக்குது. எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா மேற்கால தெரியற மலையோட இந்தப் பக்கம்?

இதெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க வேலைன்னு நினைச்சு நான் மூடி வைக்கப் போன நேரத்துல கிடைச்சவர்தான் மைக் நியூமன். ஸ்காட்லாந்துக்காரர், பஸ் டிரைவர். ஓய்வு நேரத்துல கடற்கரைப் பாறையில புதைபடிவம் தேடறது அவர் பொழுதுபோக்கு. ஸ்டோன்ஹேவன் பக்கத்துல அவர் கண்டெடுத்தது ஒரு சென்டிமீட்டர் அளவு மரவட்டைத் துண்டு. 40 கோடி வருஷத்துக்கு மேல பழசு. பக்கவாட்டுல மூச்சுத் துளைகள் தெரிஞ்சுது. நிலத்துல காத்தைச் சுவாசிச்ச ரொம்பப் பழைய விலங்குகள்ல ஒண்ணு. 2004ல விவரிச்சப்ப அதுக்கு 'நியூமோடெஸ்மஸ் நியூமனி'ன்னு பேரு வச்சாங்க. தேடினவர் பேரு சீட்டுலயும் இருக்கு, பூச்சியிலயும் இருக்கு. இப்படியும் செய்யலாம்ல?

கடைசியா, எங்க முத்தத்து ரயில்பூச்சி. செங்கல் நிறம், பழுப்புக் கறை விடற குணம், தோட்டத்து மண்ணுல வாசம்னு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்ததுல, வெப்ப நாடுகள் பூராவும் பரவியிருக்கிற 'டிரிகோனியூலஸ் கொரால்லினஸ்'க்குக் கிட்ட வருது. 1840கள்ல ஜெர்வேங்கிற பிரெஞ்சுக்காரர் விவரிச்சது. வேடிக்கை என்னன்னா, அது தென்கிழக்கு ஆசியாவிலேர்ந்து செடி மண்ணோட ஊர் ஊராப் போனதுன்னு சொல்றாங்க. அப்ப நம்ம ஊர் ரயில்பூச்சியும் உசாம்பரா உருண்டை மாதிரி ஒரு டிக்கெட் இல்லாத பயணிதானோ என்னமோ!

ஆனா நான் ஏழாவது வளையத்தைப் பிரிச்சுப் பார்க்கல. அதனால ஞாயித்துக்கிழமை போன்ல அக்கா பொண்ணுகிட்ட அப்படியேதான் சொன்னேன்.

"டிரிகோனியூலஸ், ஒப்பிடுக, கொரால்லினஸ்."

"ஒப்பிடுகன்னா?"

"இன்னும் சரியாப் பார்க்கலன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் சத்தத்தைக் காணோம். அப்புறம், "சரி, நான் பாக்கேன்"னுட்டு போனை ஆச்சிகிட்ட குடுத்துட்டுப் போயிட்டா. அடுத்த தடவை போறப்ப ஒரு கைலென்ஸும் ஒரு நோட்டும் வாங்கிட்டுப் போகணும். நோட்டோட முதல் பக்கத்துல தேதி, எடம், அப்புறம் 'கண்டெடுத்தவர்'ங்கிற எடத்துல அவ பேரு.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு மக்களே? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கூடவே ஊர் பேரையும் போடுங்க, சீட்டு எழுதிடலாம் :-)